புளியமரத்தடியில் திரும்பிய பச்சை வண்டி

பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு அதிர்ச்சி என்று ஒன்று வந்தால் அது கருவூலத்திலிருந்துதான் வரும் என்று நினைத்திருந்தேன். வருடாந்திர நேர்காணலுக்குப் போக மறந்தால் போதும், உயிரோடு உட்கார்ந்து காபி குடிக்கிற நம்மை இறந்தவராகக் கருதி ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்கள். இந்த வயதில் அதைவிடப் பெரிய திகைப்பு என்ன இருக்கிறது? இருக்கிறது, தோழர்களே. போன மாதம் ஓசூரில் அக்கா வீட்டுக் கூடத்தில், குழம்புக்குப் பிதுக்கம்பருப்பு எடுக்க ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே அவள் ஒரு சொல் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

உங்களில் பலருக்கு இந்தப் பச்சை வண்டிக் கதை தெரியும். அலுவலகப் பிரிவுபசார விழாக்களில் நான் சொல்லி, கேசரித் தட்டோடு சிரித்திருக்கிறீர்கள். முறை, விதி என்று உயிரை விடுகிற ஒரு மனிதர் அந்த முறையாலேயே மாட்டிக்கொண்ட கதையாக அதைச் சொல்லிவந்தேன். போக்குவரத்து அலுவலகத்தில் பர்மிட், வரி, தகுதிச் சான்று என்று ஆயுளைக் கழித்த நான் அதைத் தப்பாகவே சொல்லிவந்திருக்கிறேன். மறுபடி கேளுங்கள்.

எங்கள் ஊர் பேரிகைக்கும் அப்பால், தமிழ்நாடு முடிகிற விளிம்பில். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பாறை. ஏரிக்கரைக்கு அந்தக் கோடியில் நெல்லும் கேழ்வரகும் அடிக்கிற களம். களத்திலிருந்து சாலை கரைமேல் ஏறி, ஊருக்குள் நுழைந்து, ஊர் முடிந்ததும் ஓர் எல்லைக் கல்லில் முட்டும். கல்லைத் தாண்டினால் மைசூர் பக்கம். மாநிலத்துக்குப் பெயர் மாற்றிய பிறகும் எங்கள் பெரியவர்களுக்கு அது மைசூர் பக்கம்தான். அங்கே கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய புளியமரமும் சுற்றிலும் வெட்டவெளியும். ஊருக்குள் ஒரு மாட்டுவண்டி திரும்பவே நாலு பேர் கை கொடுக்க வேண்டும்.

கம்பெனி என்றால் எங்கள் பக்கம் அன்று பஸ் கம்பெனிதான். ஓசூரில் ஒரு தகரக் கொட்டகை, சில வண்டிகள், ஒரு முதலாளி. மரக்கடையில் ஆரம்பித்து லாரிக்கும் பிறகு பஸ்ஸுக்கும் வந்தவர். வெள்ளைத் தொப்பியும் அத்தர் வாசனையுமாக இருப்பார். ஊர் அவரைப் பாய் என்றது. வண்டிகள் எல்லாம் பச்சை. அவற்றில் மூத்ததை எங்களுக்கு அனுப்பினார். ரப்பர் பந்தை அமுக்கினால் ஊதுகிற ஹாரன், தேய்ந்து பளபளத்த மரப் படிக்கட்டு, மழைக்கு இழுத்துவிட ஜன்னல்களில் தார்ப்பாய். உள்ளே டீசலும் கொத்தமல்லிக் கட்டும் பட்டுக்கூடும் சேர்ந்து ஒரு வாசனை. அந்த மூன்றையும் ஒருசேர முகர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

அந்த வண்டிக்குப் பர்மிட் கேட்டு மனு எழுதியவர் என் அப்பா. எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியர். ஓசூர் முதல் பேரிகை வழியாக எங்கள் ஊர் வரை என்று எழுதி, முடிவிடம் என்ற இடத்தில் ‘எல்லைக் கல்லுக்கு இப்புறம்’ என்று அடிக்கோடும் போட்டார். அந்த அடிக்கோட்டைப் பற்றிப் பெருமையாக எங்களிடம் சொல்வார். பர்மிட் வந்தது. வண்டியும் வந்தது. வந்த வண்டி எங்கே திரும்பும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. முதல் நாளே டிரைவர் மாமா கல்லைத் தாண்டிப் போய்ப் புளியமரத்தைச் சுற்றித் திருப்பிக்கொண்டு வந்தார். மறுநாளும் அப்படியே. கடைசி நடை வந்தபின் வண்டி அங்கேயே தங்கிவிடும். டிரைவரும் கண்டக்டரும் சீட்டில் படுத்துக்கொள்வார்கள். விடியற்காலை முதல் நடை அங்கிருந்தே கிளம்பும்.

அலுவலக மொழியில் சொன்னால், இரு மாநில மேலொப்பம் இல்லாமல், அயல் மாநிலத்துக்கு வரி கட்டாமல், தினமும் எல்லை தாண்டி இரவெல்லாம் குற்றம் செய்துகொண்டே உறங்கிய வண்டி அது. எங்கள் மொழியில் அது புளியமரத்தடி வண்டி. அந்தப் பக்கத்துக் கன்னடக்காரர்களுக்கும் தெலுங்குக்காரர்களுக்கும் ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போக அதுதான் கதி. கல்லுக்கு அந்தப் பக்கம் ஏறினவர்களிடம் கண்டக்டர் கல்லிலிருந்துதான் டிக்கெட் போடுவார். இதை நியாயம் என்று எல்லோரும் நம்பினோம்.

நான் சொல்லவந்த வருடம் ஓசூரில் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் முளைத்தன. அக்கா அதில் ஒன்றில் சேர்ந்தாள். எங்கள் ஊரிலிருந்து ஆலை வேலைக்குப் போன முதல் பெண். உள்ளங்கையில் பத்து அடங்கும் சின்னச் சின்ன உதிரிப் பாகங்களைக் கோக்கிற வேலை. பயிற்சிக் காலம். பொங்கல் வரை வராமல் நின்ற நாள் அதிகமில்லை என்றால் நிரந்தரம் செய்வார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு. அதற்குள் வீட்டில் இன்னொரு கணக்கும் ஓடியது. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்த என் தாய்மாமன் அக்காவைப் பெண் கேட்டிருந்தார். ‘தை வரைக்கும் பாப்போம். வேலை நிலைச்சா அது. நிலைக்கலன்னா இது’ என்று அப்பா அவருக்குச் சொல்லியிருந்தார். மாமா நல்ல மனிதர். வரும்போதெல்லாம் மூட்டை வேர்க்கடலை கொண்டுவருவார். அக்காவுக்கு வேர்க்கடலை பிடிக்கும், மாமாவைப் பிடிக்காது என்று அம்மாவே சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா ஊர்க்கூட்டங்களில் பெண்பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், வேலைக்கு அனுப்புங்கள் என்று பேசுகிறவர். அக்கா முதல் நாள் வண்டி ஏறியபோது ஊரே பார்க்க அவரே போய் ஏற்றிவிட்டார். பின்னால் யாரோ, ‘வாத்தியாரு பொண்ணு சம்பாரிச்சுத்தான் சாப்புடணுமா?’ என்றார்கள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

கேரியர் விவகாரத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. விடியலில் கிளம்புகிறவர்களுக்கு மதியச் சோறு அடுத்த நடையில் போகும். வண்டிக்குள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பி, அதில் கொக்கிகள். வீட்டுக்கு ஒரு கேரியர் தொங்கும். கண்டக்டர் ஆலை வாசலில் இறக்கிவிடுவார். காலி கேரியரைத் தொழிலாளிகள் கையில் வெளியே எடுத்து வரக் கூடாது, உதிரிப் பாகம் திருட்டுப் போகுமாம். வாட்ச்மேன் மொத்தமாகத் திறந்து பார்த்துக் கடைசி நடையில் ஏற்றிவிடுவார். இரவெல்லாம் அவை புளியமரத்தடியில் தொங்கும். காலையில் பிள்ளைகள் போய் எடுத்து வருவோம். எங்கள் வீட்டுக்கு அது என் வேலை. எங்களுடையது எவர்சில்வர். அப்பாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்.

புரட்டாசி வந்தது. வண்டி வரத் தொடங்கி அந்த ஆயுத பூஜையோடு இன்னொரு வருடம் நிறைகிறது, புளியமரத்தடியில் விழா எடுக்க வேண்டும் என்று இரண்டு பக்கத்து ஊர்களும் கூடிப் பேசின. வாழைக்கன்று எங்களுடையது, ஒப்பட்டு என்கிற போளி அவர்களுடையது. பாய் பொரிகடலைக்கும் பூசணிக்காய்க்கும் ஏற்பாடு செய்தார். அப்பா எழுந்து, ஒரு சர்க்கார் அதிகாரி தலைமை தாங்க வேண்டும் என்றார்.

பாய் தயங்கினார். “எதுக்குங்க வாத்தியாரய்யா ஆபீசரெல்லாம்? பூசணிக்கா ஒடைச்சமா, பொரி குடுத்தமான்னு போயிரலாமே.”

“முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல பாய்? விழா எந்த எல்லையில நடக்குதோ அந்த எல்லை அதிகாரியத்தான் கூப்புடணும். மரம் அவங்களுது. மோட்டார் வண்டி விழா. அப்ப அந்தப் பக்கத்து மோட்டார் வாகன ஆய்வாளர்தான் பொருத்தம்.”

“அவரு வருவாரா?”

“நான் நேர்ல போயி அழைக்கறேன்.”

பர்மிட் மனு எழுதிக்கொடுத்த மனிதர் சொல்கிறார், பாய் ஒப்புக்கொண்டார். அப்பா வெளுத்த வேட்டி கட்டி, வெற்றிலை பாக்குத் தட்டோடு போய் அழைத்துவிட்டு வந்தார். பிரிவுபசாரங்களில் இந்த இடத்தில்தான் நீங்கள் முதல் முறை சிரிப்பீர்கள். திருட்டு வண்டிக்குப் பிறந்தநாள் கொண்டாடப் போலீஸ்காரரைக் கூப்பிட்ட மாதிரி.

விழாவுக்கு முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா வண்டியிலிருந்து எங்கள் கேரியரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். அவர் கையில் பாத்திரத்தை நான் பார்த்தது அன்றுதான். “நாளைக்கு மரத்தடியில கூட்டமா இருக்கும். பாப்பா போயி மிதிபட வேணாம்” என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கு ஒரு வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் வண்டியைப் பார்க்க வேண்டுமே! முகப்பில் வாழைக்கன்று, ஹாரனுக்குச் சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். விடுமுறை என்பதால் யாரும் கேரியரை எடுக்க அவசரப்படவில்லை. ஜன்னல் வழியே எல்லாம் வரிசையாகத் தொங்குவது தெரிந்தது. பால் கேன்கள், யாரோ ஓசூரில் பழுது பார்த்து வாங்கி வந்த ரேடியோ, சாமந்தி மூட்டை எல்லாம் உள்ளேயே கிடந்தன.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். மாலை போட்டோம். ஒப்பட்டு வைத்தோம், நெய் ஊற்றிச் சாப்பிட்டார். அப்பா பேச எழுந்தார். தமிழில் பேசினார், தெலுங்கில் கொஞ்சம், கன்னடத்தில் கொஞ்சம்.

“எங்க ஊருக்கும் உங்க ஊருக்கும் நடுவுல ஒரு கல்லு இருக்குது. ஆனா இந்த வண்டி ஒரு நாளாவது அந்தக் கல்லப் பாத்து நின்னிருக்குமா? தினம் தாண்டி வருது. இந்த மரத்தடியிலதான் தூங்குது.”

ஒரே கைதட்டல். அந்த வாக்கியத்தை மட்டும் கன்னடத்தில் இரண்டு முறை சொன்னார். பேச்சின் அழகுக்காக என்று நினைத்தேன்.

அதிகாரி கை கழுவிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். “தினா இல்லே மலகுத்தா?” தினமும் இங்கேயேவா தூங்குகிறது என்று.

“ஹௌது சுவாமி, தினா!” என்று அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரே குரலில் பெருமையாகச் சொன்னார்கள்.

“பர்மிட் தோர்ஸி.”

பர்மிட்டைக் காட்டச் சொல்கிறார், பாராட்டி ஏதோ எழுதப் போகிறார் என்று டிரைவர் மாமா ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார். அதிகாரி நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கழுத்து மாலையோடு வண்டியில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்து, வண்டியை எடு என்றார். டிரைவர் மாமா சிரித்துக்கொண்டே எடுத்தார். விருந்தாளியை ஒரு சுற்று அழைத்துப் போவதாகத்தான் எல்லோரும் நினைத்தோம். வாழைக்கன்று ஆட, எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி நகர்ந்தது. ஊரே கை தட்டியது. நானும் தட்டினேன். பிள்ளைகள் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடினோம்.

வண்டி எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவர்களுடைய ஊர்ப் பாதையில், போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற திசையில் போனது. ஜீப் அதன் பின்னால் போனது. கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் தொப்பியில்லாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“என்னாச்சு வாத்தியாரய்யா?” என்றார்.

“முறைப்படி நடந்திருச்சு போலிருக்குது பாய்” என்றார் அப்பா. முகம் செத்துப்போயிருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் இரண்டாம் முறை சிரிப்பீர்கள்.

வண்டி வாரக்கணக்கில் அந்த ஸ்டேஷன் வாசலில் நின்றது. உள்ளே கேரியர்கள் தொங்கின. துடைக்காத அடுக்குகளில் குழம்பு புளித்து நாற்றமெடுத்ததாகப் போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த நாட்களில் என் வீட்டுக் கேரியர் மட்டும் கழுவிக் கவிழ்த்து அடுப்பு மேடையில் இருந்தது. பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குக் கிளம்பின விடியலில் அக்கா அதைப் பார்த்தாள்.

“இது எப்படி இங்க இருக்குது?”

“அப்பா முந்தின நாளே எடுத்தாந்துட்டாருக்கா! நம்மளுது மட்டும் தப்பிச்சிருச்சு” என்றேன்.

அக்கா அதைத் தொடவில்லை. சோற்றை இலையில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பேரிகை வரை நடை. சந்தைக்குக் கொத்தமல்லிக் கட்டு சுமந்துபோகிற பெண்களோடு இருட்டில் சேர்ந்து நடந்து, அங்கே வேறு வண்டி பிடித்தாள். சாயங்காலம் பாதத்தில் முள்ளோடு வருவாள். அப்பா அவளுக்கு வெந்நீர் வைக்கச் சொல்வார். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார். “மழ புடிச்சிட்டா இந்த நட வேணாம் கண்ணு. ஒடம்பு முக்கியம். வேல எங்க போவுது?” வேலை எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். மாமாவும் அந்த வாரம் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வந்திருந்தார். அக்கா ஒரு வேர்க்கடலையைக்கூட உரிக்கவில்லை.

ஐப்பசி மழை தலைகாட்டிய வாரத்தில் பாய் காரில் வந்தார். அபராதமும் வரியும் கட்டி வண்டியை மீட்டிருந்தார். கேரியர்களையெல்லாம் தன் வீட்டிலேயே புளி போட்டுக் கழுவி, டிக்கியில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். அவரவர் வந்து எடுத்துக்கொண்டார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது.

“இனிமே பேரிகையோட நிறுத்திக்கறேங்க” என்றார் பாய். “திரும்ப எடமில்லாத ஊருக்கு எப்படி வண்டி உடறது? கல்லத் தாண்டுனா வண்டியே போயிரும்.”

அப்பா, “பாய் சொல்றதுல நியாயம் இருக்குது” என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா கேட்டாள். “திரும்பிட்டே வந்தா?”

“என்னாம்மா?”

“கரைக்கு அந்தக் கோடியில களம் இருக்குதில்லீங்களா? வண்டி அங்கயே திரும்பிக்கட்டும். கரைமேல ரிவர்ஸ்லயே வரட்டும். போறப்ப நேரா போயிரலாம்.”

ஊர் சிரித்தது. “பஸ்ஸு முதுகக் காட்டிக்கிட்டு வருமாம்! நம்ம ஊருக்கு ஏத்த மரியாததான்” என்றார் பூசாரி. பாய் மட்டும் சிரிக்காமல் டிரைவர் மாமாவைப் பார்த்தார். டிரைவர் மாமாவுக்கு வீட்டில் தெலுங்கு, கோபத்தில் கன்னடம், எங்களோடு தமிழ்.

“வருவேன் பாய். ஆனா கரை ஒடுக்கம். பின்னால நின்னு யாராச்சும் சரியா சொல்லணும். கிளீனர் பையன நம்பி வந்தா நாம எல்லாரும் ஏரியில மீன் புடிக்க வேண்டியதுதான்.”

“எங்கப்பா நிப்பாரு” என்றாள் அக்கா. “ஊருக்கு நல்லதுன்னா எங்கப்பாதான முன்னால நிக்கறாரு. எழுத்துல கேட்டாலும் அவரே எழுதிக் குடுப்பாரு.”

எல்லா முகங்களும் அப்பா பக்கம் திரும்பின. அப்பா அக்காவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்கு ஒரு ஞாபகம். பிறகு தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து எங்கள் ஊருக்கு பஸ் பின்பக்கமாக வந்தது. காலை முதல் நடைக்கு, இன்னும் கிழக்கு வெளுக்காத நேரத்தில், கரைமேல் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு நெருங்கி வரும். அதற்கு முன்னால் ஒரு டார்ச் வெளிச்சம் பின்னுக்கு நடந்து வரும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, புகையில் இருமிக்கொண்டு, அப்பா. “வரலாம்… வரலாம்… கொஞ்சம் லெஃப்டு… வரலாம்… போதும், ரைட்!” அந்தக் குரலுக்குத்தான் ஊர் விழித்தது. வண்டி நின்றதும் அக்கா ஏறுவாள். அப்பா டார்ச்சை அணைத்துவிட்டு நிற்பார். ஒரு வண்டி ஒரு ஊருக்குள் அவ்வளவு தூரம் பின்னோக்கி வரலாமா என்பதற்கு விதி உண்டு. அதை இங்கே சொல்லமாட்டேன்.

அடைமழைக் காலத்தில் ஒரு விடியலில் கரை சேறாகிப் பின்சக்கரம் ஏரிப் பக்கமாக வழுக்கியது. அம்மாவோடு குடைபிடித்து நின்ற நான் பார்த்தேன். அப்பா டார்ச்சைப் போட்டுவிட்டு ஓடிவந்து வண்டியின் பின்புறத்தில் இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அடித்தார். “நிறுத்து! நிறுத்து! ஒரு முழம் வராத!” டிரைவர் மாமா நிறுத்தினார். பாறைக் கல் கொண்டுவந்து முட்டுக்கொடுத்து மேலேற்றினார்கள். அப்பாவின் உள்ளங்கையில் தோல் கிழிந்திருந்தது. அன்றும் அக்கா வேலைக்குப் போனாள்.

தை பிறந்தது. அக்கா நிரந்தரமானாள். மாமா வந்து வேர்க்கடலையை வைத்துவிட்டு, வாழ்த்தையும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருடம் வேறு இடத்தில் அவருக்குக் கல்யாணமானது. அக்கா அதே ஆலையில் மேற்பார்வையாளராகி ஓய்வு பெற்றாள். அப்பா எப்போதோ போய்விட்டார். நான் அவருடைய முறைப் பித்தை அப்படியே வாங்கிக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்தில் சேர்ந்தேன். பிரிவுபசாரங்களில் கதையை இங்கே முடிப்பேன். தப்பைத் தெரியாமல் செய்தார், தினமும் விடியலில் எழுந்து அதைத் தானே சரிசெய்தார், அப்படி ஒரு அப்பா எனக்கு என்பேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள்.

போன மாதம் இதே கதையை அக்காவின் மருமகளுக்குச் சொன்னேன். சூளகிரிப் பக்கத்தில் ஒரு ஆலையில் வேலை செய்கிறாள். குளிர்சாதனம் போட்ட கம்பெனி பஸ் வாசலுக்கு வந்து அழைத்துப்போகிறது. சீருடை போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கேட்டாள். சிரித்தாள். பிறகு, “ஒண்ணு கேக்கறேன் சின்னத்தை. பர்மிட்டு எங்க முடியுதுன்னு எழுதுனதே தாத்தாதான? அடிக்கோடு வேற போட்டாருன்னீங்க. அப்புறம் எப்படித் தெரியாமப் போச்சு?” என்றாள்.

எத்தனை வண்டிகளின் பர்மிட்டைப் பார்த்திருக்கிறேன், எத்தனை பேரிடம் ‘தெரியாதுன்னு சொல்லாதீங்க’ என்று சொல்லியிருக்கிறேன்.

“தெரியும்” என்றாள் அக்கா. அவரைக்கொட்டையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“யாருக்கு?”

“அப்பாவுக்கு. தெரிஞ்சுதான் கூப்புட்டாரு.”

என் கை ஊறின கொட்டைத் தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டது. அவள் ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் போட்டுக்கொண்டே சொன்னாள். பொண்ணு சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறார் என்ற பேச்சு அப்பாவை அரித்துக்கொண்டிருந்தது. ஊரைக் கூட்டி நியாயம் பேசின வாயால் வேலையை விடு என்று சொல்ல முடியவில்லை. வண்டி நின்றுபோனால் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கார் சொன்னதாகிவிடும்.

“எதவெச்சுச் சொல்றக்கா?”

அவள் மோவாயால் அலமாரியைக் காட்டினாள். மேல்தட்டில் அந்தக் கேரியர். அப்பாவின் பெயர், புள்ளி புள்ளியாக.

“ஊர்ல எல்லார் கேரியரும் போச்சு. நம்மளுது மட்டும் முந்தின நாளே வீட்டுக்கு வந்துச்சு. ஸ்டேஷன்ல அவரு பேரு தொங்கறதுக்கு மனசு வரல. நீதான் அன்னிக்குக் காலையில சொன்ன, தப்பிச்சிருச்சுன்னு.”

கன்னடத்தில் இரண்டு முறை சொன்ன வாக்கியம். வெற்றிலைத் தட்டு. ‘பாய் சொல்றதுல நியாயம் இருக்குது.’ ஒவ்வொன்றாக எழுந்து வந்து என் முன்னால் நின்றன. ஐம்பது வருடமாக என்னிடம் இருந்தவைதான். ஒன்றைக்கூட நான் விசாரித்ததில்லை.

“அப்பவே தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலயா?”

“கேட்டா ஒத்துக்குவாரு பாப்பா. மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. ஒத்துக்கிட்டா அப்புறம் என்னா வெக்கம்? நேராவே வேலய உடுன்னுடுவாரு. கேக்காத வரைக்கும் அவரு பொண்ணுங்கள வேலைக்கு அனுப்பச் சொல்ற வாத்தியாரு. நானும் அந்த வாத்தியாரு பொண்ணாவே போயிட்டு வந்தேன்.”

“அதனாலதான் அவர அங்க நிக்க வெச்சியா?”

“வேற யார வெக்கறது? அவரு கூப்புட்டாத்தான் வண்டி வரும்னு ஆயிட்டா, அவரு எப்படித் தடுப்பாரு?”

விடியல் இருட்டில் ஊரை எழுப்பிய அந்தக் குரலை நான் பாசம் என்று வைத்திருந்தேன். “அப்ப அது அத்தனையும் வேஷமா?” என்று கேட்டேன். குரல் எனக்கே சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது.

அக்காவின் கை அப்போதுதான் நின்றது. “மழையில வழுக்குச்சே, அன்னிக்கு அவரு சும்மா இருந்திருந்தா வண்டி ஏரியில எறங்கியிருக்கும். டிரைவரு குதிச்சுத் தப்பிச்சிருப்பாரு. நான் கேட்ட வண்டியும் என் வேலையும் அன்னியோட முடிஞ்சிருக்கும், அவரு நெனச்சது நடந்திருக்கும். கை கிழிய அடிச்சாரே பாப்பா.” மறுபடி பிதுக்க ஆரம்பித்தாள். “அத எங்க சேத்துக்கறதுன்னு எனக்கும் இன்னி வரைக்கும் தெரியல.”

வாசலில் மருமகளின் கம்பெனி பஸ் வந்துவிட்டது. அந்தச் சந்தில் அதற்கும் திரும்ப இடமில்லை. முக்கிலிருந்து பின்பக்கமாகத்தான் வரும். பீப், பீப் என்று அதுவே சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. பின்னால் யாரும் நிற்கவில்லை. மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். நான் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தலையைத் தூக்காமல், கொட்டைகளைப் பார்த்து, தனக்குள் மெதுவாகச் சொன்னாள்.

“வரலாம்… வரலாம்… போதும், ரைட்.”